சாத்து வழிக் குகைகள்

ஆடி மழை பிடித்துக்கொண்டதும் புனேயிலிருந்து லோணாவளா போகும் லோக்கல் ரயிலில் மலையேறுகிறவர்களின் கூட்டம் சேர்ந்துவிடும். மலவலி நிலையத்தில் இறங்கினால் ஒரு பக்கம் பாஜா குகைகள், எதிர்ப்பக்கத்து மலையில் கார்லா. பாஜாவுக்கு மேலே லோஹகட், விசாப்பூர் கோட்டைகள். பாசி பிடித்த படிகளில் ஏறி, அருவி நீர் முகத்தில் தெறிக்கக் குகை வாசலில் நிற்பவர்களுக்குச் சொல்ல ஒரு கதை எப்போதும் தயாராக இருக்கிறது. உலகத்தை வெறுத்த பௌத்தத் துறவிகள் ஊரைவிட்டு ஒதுங்கிக் காட்டுக்குள் தனிமை தேடி வந்தார்கள், மலையைக் குடைந்து தவம் செய்தார்கள் என்பது அந்தக் கதை. சூழலும் அதற்குச் சாதகமாகத்தான் இருக்கிறது: மூடுபனி, கார்வி புதர்கள், ஆள் நடமாட்டமில்லாத மலைச்சரிவு. ஆனால் குகைச் சுவரில் பிராமி எழுத்தில் வெட்டியிருப்பதைப் படித்தவர்கள் அந்தக் கதையைப் பாதிக்கு மேல் ஏற்கமாட்டார்கள். குடையப் பணம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் உலகத்தோடு நல்ல கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்கள். இந்த மலைகளைத் தேர்ந்தெடுத்தது தனிமை என்பதைவிட, அவற்றின் காலடியில் போன வணிகப் பாதைதான் என்று கொள்வதற்கே சான்றுகள் அதிகம்.

முதல் சான்று பாறையே தருகிறது. குகைகளும் மணற்பாறைகளும் சேர்ந்த காடுகள் இந்தியாவில் வேறு இடங்களில் உண்டு. போபாலுக்குத் தெற்கே விந்திய மணற்பாறையில் அமைந்த பீம்பேட்கா அவற்றில் பேர்பெற்றது, 1957இல் வி. எஸ். வாகண்கர் அதன் ஓவியங்களை உலகத்துக்குத் தெரியப்படுத்தினார். அங்கே குகையைச் செய்தது மழையும் காற்றும். மென்மையான படிவுகள் கரைந்து, கெட்டியான படிவுகள் கூரைபோல் நீட்டி நிற்க, கற்கால மனிதன் வந்து குடிபுகுந்தான். இடத்தை அவன் தேர்ந்தெடுத்தான் என்பதைவிட இடம் அவனுக்குக் கிடைத்தது என்பதே பொருந்தும். நம் ஊர்ச் சமணர் படுக்கைகளும் கிட்டத்தட்ட இந்த வகைதான். மாங்குளத்திலும் அழகர்மலையிலும் இயற்கையான பாறை இடுக்குகள் முன்பே இருந்தன. மனிதன் செய்ததெல்லாம் படுக்கை வெட்டியதும், மழைநீர் உள்ளே வழியாதபடி நெற்றியில் காடி வெட்டியதும்தான். புனேயைச் சுற்றியுள்ள மலைகளில் மணற்பாறை கிடையாது. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்த பசால்ட் பாறை அது. தண்ணீர் அதை எளிதில் குகையாக அரித்துவிடுவதில்லை. ஆகவே ஒரு குடும்பமோ ஒரு சங்கமோ தங்கும் அளவுக்கு இங்கே ஒரு குகை இருந்தால், அது உளியால் வந்தது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இதன் விளைவு சிறியதல்ல. பீம்பேட்கா ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று புவியியலாளரிடம் கேட்க வேண்டும். கார்லா ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று வரலாற்றாளரிடம்தான் கேட்க வேண்டும். யாரோ ஒருவர் பல மலைகளைப் பார்த்து, மற்றவற்றை விட்டுவிட்டு, இதைப் போதுமென்று முடிவு செய்திருக்கிறார்.

அந்த முடிவு எதைப் பின்பற்றியது என்பதற்கு வரைபடத்தை விரித்தாலே பாதி விடை கிடைக்கிறது. கொங்கணக் கடற்கரைக்கும் தக்காணப் பீடபூமிக்கும் நடுவே சஹ்யாத்ரி ஒரு சுவராக நிற்கிறது. கரையில் கல்யாண், சோபாரா என்ற பழைய துறைகள். உள்ளே பைத்தான், தேர் போன்ற நகரங்கள். கிபி முதல் நூற்றாண்டில் எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூலை எழுதியவர் இந்தப் பெயர்களையெல்லாம் அறிந்திருக்கிறார். உள்நாட்டிலிருந்து சரக்கு வண்டிகளில் பெரும் தொலைவு கடந்து கடற்கரைக்கு வருவதையும், கல்யாணுக்கு வரும் கிரேக்கக் கப்பல்கள் அரசியல் தகராறில் காவலோடு பரூச்சுக்குத் திருப்பி அனுப்பப்படுவதையும் குறித்திருக்கிறார். சரக்கு இறங்கவும் ஏறவும் மலைச்சுவரில் சில திறப்புகளே உண்டு. தெற்கே கண்டாளா அருகில் போர் காட், வடக்கே ஜுன்னருக்கு மேற்கில் நானேகாட். போர் காட் ஏறி வந்தவுடன் கார்லா, பாஜா. சற்றுத் தள்ளிப் பவனா பள்ளத்தாக்குப் பக்கம் பேட்சே. புனேயை நோக்கி மேலும் வந்தால் ஷேலார்வாடி. கணவாயின் கீழ்ப்பக்கத்தில், ராஜ்மாச்சிக் கோட்டையின் அடிவாரத்தில் கொண்டாணே. நானேகாட் ஏறி வந்தால் ஜுன்னர். அந்த ஒரு ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் மட்டும் 200க்கும் மேற்பட்ட குடைவுகள். இந்தியாவில் வேறெந்த ஊரைச் சுற்றியும் இவ்வளவு நெருக்கம் காண்பது அரிது. பின்னாளைய அரசர்கள் கோட்டை கட்டியதும் இதே வழிகளின் மேல்தான்: ஜீவதன், சாவண்ட், ஹட்சர், சிவ்நேரி எல்லாம் நானேகாட்டைக் கண்காணிக்கும் வரிசை, லோஹகட், ராஜ்மாச்சி போர் காட்டின் வரிசை. கோட்டை கட்டிய சேனாபதி தனிமை தேடி வந்தான் என்று யாரும் சொல்வதில்லை. குகைக்கு மட்டும் அந்தச் சலுகையைத் தருகிறோம்.

நானேகாட்டில் இந்த உறவு மறைவின்றித் தெரிகிறது. கணவாயின் உச்சியில், பாதையை ஒட்டியே ஒரு குடைவு இருக்கிறது. துறவியர் அறைகள் அதில் இல்லை. சுவரோரம் திண்ணை ஓடும் ஒரு கூடம்தான். அதன் சுவர்களில் சாதவாகன அரசி நாகனிகா வெட்டுவித்த நீண்ட கல்வெட்டு, நடத்திய வேள்விகளையும் கொடுத்த பசுக்கள், குதிரைகள், யானைகள், காசுகளையும் எண்ணிக்கையோடு அடுக்குகிறது. இந்திய எண் குறிகளின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்தக் கல்வெட்டைத் தவிர்க்க முடியாது. பின்சுவரில் சிமுகன், சாதகர்ணி, நாகனிகா முதலிய அரச குடும்பத்தாரின் உருவங்கள் இருந்தன. இன்று பெயர்களும் பாதங்களின் தடயமும்தான் மிச்சம். வேதவேள்வி செய்த ஓர் அரசி தன் குலப்பெருமையை எழுதுவதற்குத் தலைநகரத்தை விட்டுவிட்டு மலை உச்சியில் ஒரு கணவாயைத் தேர்ந்தெடுத்தாள் என்றால், அங்கே படிக்கவோ படித்துக் கேட்கவோ ஆட்கள் தினமும் போய்வந்தார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். கணவாய் முகப்பில் இருக்கும் பெரிய கல் தொட்டியைச் சுங்கக் காசு போடும் பானை என்று உள்ளூர் மக்கள் சொல்கிறார்கள். அது பழைய வழக்கின் நினைவா, பின்னால் கட்டிய கதையா என்பதை அந்தத் தொட்டியை வைத்து நிரூபிக்க இயலாது. வாதத்துக்கு அது தேவையும் இல்லை. பக்கத்தில் வெட்டியிருக்கும் நீர்த்தொட்டிகள் போதும். பொதிமாடும் ஆளும் செங்குத்தான ஏற்றம் ஏறி வந்து நிற்கும் இடத்தில் முதல் தேவை தண்ணீர்.

இனிப் பணம் கொடுத்தவர்கள். கார்லாவின் பெரிய சைத்தியம் என்ற வழிபாட்டுக் கூடம் சுமார் 124 அடி நீளமும் 45 அடி உயரமும் கொண்டது. இந்தியக் குடைவரைச் சைத்தியங்களில் அதுவே பெரியது. வைஜயந்தியைச் சேர்ந்த பூதபாலன் என்ற செட்டி இதை நிறைவு செய்ததாகவும், ஜம்புத்தீவிலேயே சிறந்த கல்மாளிகை இதுதான் என்றும் வாயிலில் வெட்டியிருக்கிறது. விளம்பரத்தில் கூச்சம் இல்லாத காலம். வைஜயந்தி என்பது இன்றைய கர்நாடகத்தின் பனவாசி என்பது பொதுவான கருத்து. அங்கிருந்து கார்லா பல நாள் பயணம். உள்ளே தூண்கள் பலவும் தனித்தனி ஆட்களின் கொடை. தேனுகாகடம் என்ற ஊரைச் சேர்ந்த யவனர்கள் பலர் தூண் கொடுத்திருக்கிறார்கள்; சிம்மத்துவஜன், தர்மன் என்று இந்தியப் பெயர் தாங்கிய யவனர்கள். அதே ஊர் வாசனைப் பொருள் வணிகன் சிம்மதத்தன் வாயிலைச் செய்வித்தான். வாயிலைச் செய்த தச்சன் சாமியின் பெயரும் இருக்கிறது. முன்னால் நிற்கும் சிங்கத்தூண் மகாரதி என்ற பட்டம் தாங்கிய ஒருவரின் கொடை. ஜுன்னரில் தானிய வணிகர் சங்கம் ஏழு அறைகள் கொண்ட ஒரு குகையும் ஒரு நீர்த்தொட்டியும் கொடுத்தது. மூங்கில் வேலைக்காரர் சங்கத்திலும் கன்னார் சங்கத்திலும் துறவியருக்காக முதல் போடப்பட்டது. ஜுன்னரிலும் யவனர் உண்டு: ஒருவர் நீர்த்தொட்டி, ஒருவர் உணவுக்கூடம். ஷேலார்வாடியில் தேனுகாகடத்து உழவன் ஒருவனின் மனைவி குகை கொடுத்திருக்கிறாள். தமிழ் வாசகருக்கு இந்தப் பட்டியல் புதிதாகத் தோன்றாது. அழகர்மலைத் தமிழ் பிராமிக் கல்வெட்டுகளில் உப்பு வணிகனும் கொழு வணிகனும் அறுவை வணிகனும் மதுரைப் பொற்கொல்லனும் வரிசையாக நிற்கிறார்கள். மாங்குளத்தில் வெள்ளறை நிகமத்தார். இயற்கைக் குகையானாலும் குடைந்த குகையானாலும் துறவிக்குக் கூரை போட்டவர்கள் வணிகச் சாத்தோடு அலைந்த மனிதர்களும் அவர்களுக்குச் சரக்கு தந்த கைவினைஞர்களும்தான். தொலைவூர்க்காரன் ஒருவன் ஒரு மலைக்குகைக்குத் தூண் கொடுக்கிறான் என்றால், அவன் அந்த மலையைப் பார்த்திருக்கிறான். அவனை அங்கே கொண்டுவந்தது பாதை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் கனமானது துறவறத்தின் இலக்கணம். பிக்கு தனிமையை நாட வேண்டும் என்று பௌத்த நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சந்தடி மிக்க சாலையை அவர்கள் ஏன் விரும்ப வேண்டும்? ஆனால் அதே மரபின், துறவியர் ஒழுக்கத்தை வகுக்கும் விநய நூல், அரசன் பிம்பிசாரன் வேணுவனத்தைக் கொடையாகத் தரும் இடத்தில் நல்ல உறைவிடத்தின் அளவுகோலைத் தெளிவாகவே வைக்கிறது: ஊருக்கு மிகத் தொலைவிலும் இருக்கக்கூடாது, மிக அருகிலும் இருக்கக்கூடாது, மக்கள் வந்துபோக வசதி வேண்டும், இரவில் அமைதி வேண்டும். பிச்சை எடுத்து உண்பவன் கொடுப்பவர் இல்லாத காட்டில் எப்படி வாழ்வான்? கார்லா சாலையிலிருந்து சில நூறு அடி உயரத்தில் இருப்பது இந்த அளவுகோலுக்குச் சரியாகப் பொருந்துகிறது. இன்னொன்றும் உண்டு. பிக்குகள் கட்டாயமாக ஒரே இடத்தில் தங்க வேண்டிய காலம் மழைக்காலத்து மூன்று மாதங்கள். சஹ்யாத்ரி முகட்டில் அந்த மாதங்களில் கொட்டும் மழையில் பொதிமாடு ஏற முடியாது. கப்பலும் ஓய்வில் இருக்கும். எகிப்திலிருந்து புறப்பட்ட கப்பல்கள் மழை தணியும் பருவத்தில்தான் இந்தக் கரையைத் தொட்டன. ஆக, துறவிக்குத் தனிமை தேவைப்பட்ட மாதங்களில் பாதை தானாகவே வெறிச்சோடியது; உணவும் கொடையும் தேவைப்பட்ட மாதங்களில் பாதை நிரம்பியது. தனிமையை இடத்தில் தேடாமல் பருவத்தில் தேடினால் இரண்டு தரப்பும் முரண்படுவதில்லை.

பாறைதான் இடத்தை முடிவு செய்தது, பாதை அல்ல என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. எரிமலைக் குழம்பு அடுக்குகள் எல்லாம் ஒரே தரம் அல்ல. குமிழ்கள் நிறைந்த அடுக்கு உண்டு. கெட்டியான, விரிசல் குறைந்த அடுக்கு உண்டு. இரண்டு அடுக்குகளுக்கு நடுவே செம்மண் போன்ற மெல்லிய படலமும் வரும். அந்தப் படலத்தில் நீர் கசியும், கல் உதிரும். சிற்பிகள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். அஜந்தாவில் பாதியில் நின்றுபோன குகைகள் காட்டுவதுபோல, அவர்கள் கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிக் குடைந்தார்கள். சாரம் கட்டும் வேலை மிச்சம், ஆனால் கூரைக் கல்லைத் தவறாகக் கணித்தால் எல்லாம் பாழ். ஆகவே ஒரு மலையின் எந்த உயரத்தில், எந்த முகத்தில் உளியை வைப்பது என்பதைப் பாறைதான் தீர்மானித்தது. எந்த மலை என்பதை அது தீர்மானித்ததாகத் தெரியவில்லை. நல்ல பசால்ட் முகடு சஹ்யாத்ரி நெடுகிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஓடுகிறது. குகைகள் மட்டும் கொத்துக்கொத்தாகக் கணவாய்களை ஒட்டிச் சேர்கின்றன. ஜுன்னரில் ஊரைச் சுற்றி எல்லாத் திசையிலும், வெவ்வேறு குன்றுகளில் குடைந்திருக்கிறார்கள்: லேண்யாத்ரி, மான்மோடி, துள்ஜா, சிவ்நேரி. அவற்றுக்குப் பொதுவாக இருப்பது நடுவிலுள்ள ஊரும் அதற்கு வரும் வழியும்.

பேட்சேயைக் காட்டி மறுக்கலாம். அது பெருவழியிலிருந்து விலகி ஒதுங்கியிருக்கிறது. அங்கே குதிரை, யானை ஏறிய உருவங்கள் தாங்கும் முகப்புத் தூண்களின் அழகு கார்லாவுக்குச் சளைத்ததல்ல. சரிதான். ஆனால் அங்கே குடைவுகளும் கல்வெட்டுகளும் சிலவே. அந்தச் சிலவற்றிலும் ஒன்று நாசிக் நகரத்து ஆனந்தன் என்ற செட்டியின் மகன் கொடை, மற்றொன்று ஒரு மகாரதியின் குடும்பத்துப் பெண் அளித்த நீர்த்தொட்டி. வழியிலிருந்து விலகிய இடம் சிறியதாகவே நின்றுவிட்டது என்பதுதான் பேட்சே சொல்லும் செய்தி.

இந்தப் பாதை வாதத்தைப் பெரிதாக எடுத்துச் சென்றவர் புனேயில் வாழ்ந்த கணிதவியலாளர் டி. டி. கோசாம்பி. நகரைச் சுற்றிய மலைகளையெல்லாம் கால்நடையாக அளந்தவர் அவர். 1962இல் வந்த தொன்மமும் உண்மையும் பற்றிய கட்டுரைத் தொகுப்பில் அந்த நடைகளின் விளைச்சல் இருக்கிறது. மடங்கள் வணிகர்களுக்குத் தங்குமிடமாக மட்டுமின்றி, முதலும் சரக்கும் கொடுத்து உதவும் பொருளாதார நிலையங்களாகவும் இருந்தன என்பது அவர் துணிபு. அவர் காட்டிய வழியில் நடந்தாலும் இந்தக் கடைசி அடியை அவரோடு வைக்கக் கல்வெட்டுகள் இடம் தருவதில்லை. நாசிக் குகையில் அரசன் நகபானனின் மருமகன் உஷவதத்தன் வைத்த அறக்கட்டளையைப் பாருங்கள். மொத்தம் 3000 கார்ஷாபணம். அதில் 2000 ஒரு நெசவாளர் சங்கத்தில் மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டிக்கு, 1000 மற்றொரு நெசவாளர் சங்கத்தில் முக்கால் வட்டிக்கு. முதல் தொகையின் வட்டி ஆண்டுக்கு 240. குகையில் மழைக்காலம் தங்கும் 20 பிக்குகளுக்கு ஆளுக்கு 12 வீதம் ஆடைச் செலவுக்குக் கணக்கு நேராகிறது. இங்கே முதலைக் கையாள்வது நெசவாளர் சங்கம். பிக்குகள் வட்டியைப் பெறுகிறவர்கள். ஜுன்னர்க் கல்வெட்டுகளிலும் இதே அமைப்புதான். மடம் கடன் கொடுத்தது என்பதற்கு இந்தக் குகைகளில் நேர்ச்சான்று இல்லை. வணிகத்தின் லாபத்தில் மடம் பிழைத்தது என்பதற்கு நிறைய இருக்கிறது. பின்னதே என் வாதத்துக்குப் போதும். இது வெறும் இல்லறத்தார் விவகாரமும் அல்ல: கார்லாவில் ஒரு பிக்குணியும் கொடையாளியாக இருக்கிறாள், அதே குகையின் பிக்கு சங்கத்துக்கு உஷவதத்தன் ஒரு கிராமத்தையே எழுதிவைத்தான்.

அப்படியானால் இன்று நாம் காணும் தனிமை எங்கிருந்து வந்தது? பாதை நகர்ந்ததால் வந்தது. ஜுன்னர் வெகுகாலம் பெரிய ஊராகவே இருந்தது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரஷ்ய வணிகர் அஃபனாசி நிகிதின் சௌல் துறையில் இறங்கி மலையேறி ஜுன்னருக்கு வந்து, விற்க வைத்திருந்த குதிரையோடு மழைக்காலம் முழுக்கச் சேற்றில் மாட்டிக்கொண்டார். அந்தக் குதிரையை ஊர் அதிகாரியான கான் பறித்துக்கொண்டு மதம் மாறச் சொன்ன கதையைக் கசப்போடு எழுதியிருக்கிறார். 1490இல் நிஜாம்ஷாஹி அரசு அங்கேதான் முளைத்தது. நிலைமையைத் திருப்பியது ஆங்கிலேயரின் பம்பாய். 1830இல் போர் காட்டில் வண்டிச்சாலை திறந்தது. 1863இல் ரயில் ஏறியது. சரக்கு முழுவதும் தெற்குக் கணவாய்க்குப் போக, நானேகாட் உள்ளூர்க்காரர்களின் ஒற்றையடிப் பாதையாகி, பிறகு மலையேறுகிறவர்களின் விளையாட்டுக் களமானது. போர் காட் பக்கமோ பாதை ஒருநாளும் ஓயவில்லை. கார்லா மலையிலிருந்து பார்த்தால் ரயிலும் விரைவுச்சாலையும் கண்ணுக்குத் தெரியும். அங்கே தனிமை என்பது குகைக்குள் நின்று வெளியே பார்க்காதவர்களுக்கு மட்டுமே. குகை வாசலிலேயே ஏக்வீரா அம்மன் கோயில் இருக்கிறது. மும்பைக் கரையின் கோளி மீனவர்கள் குலதெய்வத்தைக் கும்பிடக் கடற்கரையிலிருந்து அதே கணவாய் வழியாகத்தான் ஏறி வருகிறார்கள். லேண்யாத்ரியில் ஒரு விகாரையே அஷ்டவிநாயகர் தலங்களில் ஒன்றாகி, படியேறும் பக்தர் கூட்டம் குறைவதில்லை. வணிகன் போன இடத்தில் பக்தன் வந்துவிட்டான்.

காடும் மலையும்தான் குகைக்கு இலக்கணம் என்று இன்னும் நினைப்பவர்கள் புனே நகரத்தை விட்டே வெளியேற வேண்டியதில்லை. ஜங்கிலி மகாராஜ் சாலையில், கடைகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே பாதாளேஸ்வரர் குடைவரை இருக்கிறது. ராஷ்டிரகூடர் காலத்தது, 8ஆம் நூற்றாண்டு என்பார்கள்; சிவன் கோயில், முற்றுப்பெறாதது. அங்கே ஏறுவதற்கு மலை இல்லை, குடைவதற்குச் செங்குத்துப் பாறைமுகமும் இல்லை. முட்டா ஆற்றுக்கு அருகே தரையோடு கிடந்த பசால்ட்டைக் கீழ்நோக்கித் தோண்டி முற்றம் வெட்டி, நடுவே வட்ட வடிவத்தில் ஒரு நந்தி மண்டபத்தைக் கல்லிலேயே விட்டு, பக்கவாட்டில் கோயிலைக் குடைந்திருக்கிறார்கள். ஆட்கள் இருக்கும் இடத்தில் குகை வேண்டுமென்று தோன்றியபோது, மலை இல்லாதது அவர்களைத் தடுக்கவில்லை.